அலையும் பாறையும் நிஜம் போலவே தெரியும்படி கடலை வரைவது எப்படி? என் படத்தில் அலை சோப்பு நுரை மாதிரி இருக்கிறதே?

வெள்ளையைச் சீக்கிரமே கையில் எடுத்துவிடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். நானும் அப்படித்தான் இருந்தேன். நுரைதானே என்று ட்யூபிலிருந்து பிதுக்கி அப்படியே அப்பியதில், வீட்டில் "இது என்ன, துணி துவைக்கிற இடமா?" என்று கேட்டார்கள்.

கன்னியாகுமரி மாவட்டத்து முட்டத்தில், பாறை மேல் ஒரு சாயங்காலம் உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது. வெயில் அலைக்குப் பின்னாலிருந்து வருகிறது. நம் பக்கம் தெரியும் நுரையில் பெரும்பகுதி நிழல். நீலம் கலந்த சாம்பல், அங்கங்கே லேசான ஊதா. சுத்த வெள்ளை மேல் விளிம்பில் மட்டும்தான். அல்ட்ராமரைன் என்ற அடர்நீலத்தில் துளி பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு, அப்புறம் டைட்டானியம் ஒயிட் கலந்தால் அந்தச் சாம்பல் கிடைக்கும். நுரை முழுவதையும் முதலில் அதில் போடுங்கள். வெள்ளை கடைசி பத்து நிமிட வேலை.

உடையப்போகும் அலை உச்சியில் மெலிந்துவிடும். வெளிச்சம் அந்த இடத்தில் ஊடுருவி, கண்ணாடிப் பச்சையாகத் தெரியும். விரிடியன் என்ற நீலம் கலந்த பச்சையில் கொஞ்சம் மஞ்சளும் வெள்ளையும் போதும்; கீழே வரவர அடர்த்தியாக்குங்கள். கடல் காட்சிகளுக்குப் பேர்போன ரஷ்ய ஓவியர் ஐவசோவ்ஸ்கி 1850-இல் வரைந்த 'ஒன்பதாவது அலை'யை இணையத்தில் பெரிதாக்கிப் பாருங்கள், அந்தப் பச்சை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று. காலையில் அதே முட்டத்தில் வெயில் நம் முதுகுப் பக்கம் இருக்கும். இந்தப் பச்சை அவ்வளவாகத் தெரியாது. அதனால் வெயில் எந்தப் பக்கம் என்று முடிவு செய்யாமல் பிரஷ்ஷைத் தொடாதீர்கள்.

தண்ணீர் மேல் படரும் நுரை ஓட்டை விழுந்த வலை மாதிரி. கிட்டே ஓட்டைகள் பெரிது, தூரத்தில் நசுங்கி வெறும் கோடு. அலை எழும்பும் இடத்தில் அந்த வலையும் வளைந்து மேலே ஏற வேண்டும். இதைத் தட்டையாகப் போட்டால் அலையே எழும்பாது.

பாறைக்குக் கறுப்பு ட்யூப் வேண்டாம். அதே அல்ட்ராமரைனும் சியன்னாவும் வெள்ளை இல்லாமல் போதும். நனைந்த பாறை அடர்த்தி, மேல்முகத்தில் மட்டும் வானத்தின் பளபளப்பு. தண்ணீர் தொடும் ஓரத்தைக் காய்வதற்குள் பிரஷ்ஷால் தேய்த்து மங்கலாக்குங்கள், இல்லையென்றால் பாறை வெட்டி ஒட்டியது போல் நிற்கும். அக்ரிலிக் சீக்கிரம் காய்ந்துவிடுவதால் இதற்கு ஆயில் பெயின்ட்தான் எனக்குச் சௌகரியம்.

அடிவானத்துக்கு மாஸ்கிங் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். என் முதல் படத்தில் கடல் இன்னமும் இடது பக்கமாக வழிந்துகொண்டிருக்கிறது, பரண் மேல்.