சினிமா ஸ்டில் பாணி: மாறுவேடம் எங்கே முடிகிறது, கலை எங்கே தொடங்குகிறது?

கேள்வி: பழைய சினிமா ஸ்டில் பாணியில் என்னையே வைத்து ஒரு புகைப்படத் தொடர் எடுக்கிறேன். பார்ப்பவர்கள் மாறுவேடப் போட்டி போல இருக்கிறது என்கிறார்கள். எதை மாற்ற வேண்டும்? காப்புரிமைச் சிக்கல் வருமா?

பதில்: உங்கள் படத்தைப் பார்த்தவுடன் ‘இது இந்தச் சினிமாவில் வரும் காட்சி’ என்று சொல்லிவிட முடிகிறதா? அங்கேதான் கோளாறு. விடை தெரிந்ததும் பார்ப்பவர் அடுத்த படத்துக்குப் போய்விடுவார்.

அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் சிண்டி ஷெர்மன் 1977 முதல் 1980 வரை எடுத்த ‘பெயரிடாத திரைப்பட ஸ்டில்கள்’ தொடரை ஊன்றிப் பாருங்கள். எல்லாவற்றிலும் அவரேதான் இருக்கிறார். ஆனால் ஒன்றுகூட நிஜமான சினிமாவின் நகல் அல்ல. 48ஆம் எண் படத்தில் ஒரு பெண் ஆளில்லாத சாலையோரம் நமக்கு முதுகு காட்டி நிற்கிறாள். பக்கத்தில் ஒரு பெட்டி. முகம் தெரியாது. வீட்டை விட்டு வந்துவிட்டாளா, யாருக்காவது காத்திருக்கிறாளா? கதையை நாமே எழுதத் தொடங்குகிறோம். ஷெர்மன் எடுத்துக்கொண்டது எந்தக் கதாபாத்திரத்தையும் அல்ல, பெண்ணைக் காட்டுவதில் சினிமாவுக்கு இருக்கும் பழக்கத்தை.

நீங்களும் ஒரு சினிமாவைத் தேர்வதை விட்டு, ஒரு பழக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். நாயகனைத் தாழ்வான கோணத்தில் காட்டுவது, வில்லன் முகத்துக்குக் கீழிருந்து ஒளி கொடுப்பது, இப்படி ஏதாவது ஒன்று. ஒளியையும் கோணத்தையும் பிசகாமல் பிடியுங்கள். பிறகு ஒன்றை மட்டும் மாற்றுங்கள்: அந்த இடத்தில் நிற்கும் ஆள், அல்லது அவர் பார்வை போகும் திசை. நாலைந்தை மாற்றினால் வெறும் கேலிச்சித்திரமாகிவிடும்.

தெரிந்த படத்தையே மறுபடி எடுக்கவும் வழி உண்டு. இந்தியக் கலைஞர் புஷ்பமாலா, புகைப்படக் கலைஞர் கிளேர் ஆர்னியுடன் சேர்ந்து 2000-2004இல் செய்த தென்னிந்தியப் பெண்கள் பற்றிய தொடரில் ரவிவர்மா ஓவியத்தையும் சினிமா ஸ்டில்லையும் தானே நடித்து அடுத்தடுத்து வைத்தார். அங்கே அடையாளம் தெரிந்தே ஆக வேண்டும். ஒரே முகம் தேவியாகவும் நடிகையாகவும் வரும்போதுதான் பெண்ணைக் காட்டப் பயன்படும் அந்த வார்ப்புகள் கண்ணில் படுகின்றன. தனிப்படமாக இது எடுபடாது, தொடராகவே வேண்டும்.

காப்புரிமைக்கு வருவோம். ஒளியமைப்பும் பாணியும் யாருக்கும் சொந்தமல்ல. ஒரு குறிப்பிட்ட படத்தின் நிலை, உடை, பின்னணி எல்லாவற்றையும் சேர்த்து அப்படியே எடுத்தால் சிக்கல் வரலாம். புகைப்படக் கலைஞர் லின் கோல்ட்ஸ்மித் 1981இல் பாடகர் பிரின்ஸை எடுத்த புகைப்படத்தை வைத்து ஓவியர் ஆண்டி வார்ஹோல் உருவாக்கிய படம், பின்னாளில் ஒரு பத்திரிகை அட்டைக்குக் கொடுக்கப்பட்டது. இதையொட்டி எழுந்த காப்புரிமை வழக்கில் 2023இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் கோல்ட்ஸ்மித் பக்கமே தீர்ப்பளித்தது. தோற்றம் மாறியிருந்தாலும், மூலப்படத்தைப் போலவே பத்திரிகைக்கான பிரின்ஸ் படமாகத்தான் அதுவும் பயன்பட்டது என்பது முக்கியக் காரணம். சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். ஒரே ஒரு படத்தை அப்படியே தழுவியிருந்தால், விற்பதற்கு முன் அனுமதி கேட்டு எழுத்தில் வாங்கிவிடுங்கள்.