டூரிஸ்ட் விசாவில் போய்விட்டால் போதுமா?

கேள்வி: எனக்கு வயது 27. கடலூர் மஞ்சக்குப்பத்தில் பெற்றோருடன் வசிக்கிறேன்; தனியார் பள்ளி ஒன்றில் கணக்கு டீச்சராக இருக்கிறேன். ஆவணியில் எனக்கு நிச்சயதார்த்தம் நடந்தது. அவர் புதுச்சேரி லாஸ்பேட்டைக் குடும்பம், தாத்தா சொல்தா, அதாவது பிரெஞ்சுப் படையில் இருந்தவர்; மாப்பிள்ளை பிரான்சில் பாரிஸ் பக்கத்தில் வேலை செய்கிறார். தை மாதம் திருவந்திபுரத்தில் கல்யாணம் என்று பேசியிருந்தோம். இப்போது அவருடைய அம்மா, அதாவது என் அத்தை, “முதலில் டூரிஸ்ட் விசாவில் வரட்டும், அங்கேயே நகராட்சி அலுவலகமான மேரியில் ரெஜிஸ்டர் செய்துகொள்ளட்டும், கோயில் கல்யாணத்தை லீவுக்கு வரும்போது வைத்துக்கொள்ளலாம்” என்கிறார். தெரிந்த ஏஜென்ட் ஒருவர் ஸ்டூடன்ட் விசாதான் சுலபம் என்கிறார். அப்பாவோ, இங்கே கல்யாணத்தை முடித்து, எல்லாப் பேப்பரும் கைக்கு வந்த பிறகுதான் அனுப்புவேன் என்கிறார். மாப்பிள்ளையும் நானும் ஒருவருக்காக ஒருவர் காத்திருக்கிறோம். எந்த வழியில் போவது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கடலூர்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் அப்பா சொல்வதே சரி. கல்யாணம் இங்கே நடக்கட்டும். அது பிரெஞ்சுப் பதிவேட்டில் ஏறட்டும். அதன் பிறகு பிரெஞ்சுக் குடிமகனின் மனைவிக்குரிய நீண்டகால விசாவில் நீங்கள் விமானம் ஏறுங்கள். உங்கள் அத்தை கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார். அவருடைய காலத்தில் பலர் அப்படிப் போய்ச் சேர்ந்ததைப் பார்த்திருப்பார். ஆனால் இன்றைய சட்டத்தில் அந்த வழியின் சுமை முழுவதும் போகிற பெண்ணின் தலையில்தான் விழுகிறது.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்றை உறுதி செய்துகொள்ளுங்கள். உங்கள் கடிதத்தில் தாத்தா சொல்தா என்று இருக்கிறதே தவிர, மாப்பிள்ளையின் கையில் இருப்பது பிரெஞ்சுப் பாஸ்போர்ட்டா, இந்தியப் பாஸ்போர்ட்டும் அங்கே வசிப்பதற்கான அட்டையுமா என்பது இல்லை. புதுச்சேரியை இந்தியாவுடன் இணைக்க 1956-இல் கையெழுத்தாகி 1962 ஆகஸ்ட் 16-இல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தத்தின்படி, பிரெஞ்சு இந்தியாவில் பிறந்து அங்கேயே வசித்து வந்தவர்கள் ஆறு மாதத்துக்குள் எழுதிக் கொடுத்தால்தான் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தக்கவைத்துக்கொள்ள முடிந்தது. ஒரே குடும்பத்தில் அண்ணன் எழுதிக் கொடுத்து பிரெஞ்சுக்காரராகவும், தம்பி பேசாமல் இருந்து இந்தியராகவும் ஆன வீடுகள் புதுச்சேரியில் இருக்கின்றன. ஆகவே தாத்தா சொல்தா என்பது பேரனின் குடியுரிமைக்குச் சான்று ஆகாது. அவர் பிரெஞ்சுக் குடிமகன் என்றால் நான் கீழே சொல்வதெல்லாம் பொருந்தும். சாதாரண வசிப்பு அட்டையில் இருக்கும் இந்தியர் என்றால் வழியே வேறு: அவர் அங்கே குறைந்தது 18 மாதம் முறைப்படி வசித்திருக்க வேண்டும், வருமானத்தையும் வீட்டின் பரப்பளவையும் காட்டிக் குடும்ப இணைவுக்கு அவரே அங்கே விண்ணப்பிக்க வேண்டும்.

மாப்பிள்ளையிடம் பிறப்புப் பதிவின் முழு நகலையும் கேட்டுப் பாருங்கள். பிரெஞ்சுப் பிறப்புப் பதிவின் ஓரத்தில் அந்த மனிதருடைய கல்யாணம், விவாகரத்து முதலியவற்றை எழுதி வைப்பது அவர்கள் வழக்கம். முன்பு ஒரு கல்யாணம் அங்கே பதிவாகியிருந்தால் அந்த ஓரக் குறிப்பு சொல்லிவிடும். எப்படியும் பிரெஞ்சுத் துணைத் தூதரகமான கான்சுலேட்டுக்கு அந்த நகல் தேவைப்படும் என்பதால், அதைக் கேட்பதைச் சந்தேகம் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. நிச்சயமான பெண்ணாகிய நீங்களும் உங்கள் அப்பாவும் அதை ஒருமுறை கண்ணால் பார்த்துவிடுங்கள்.

இனி அத்தை சொல்லும் வழிக்கு வருகிறேன். டூரிஸ்ட் விசா என்பது அதிகபட்சம் 90 நாள். அதில் போய் அங்கே கல்யாணம் செய்துகொண்ட பெண் ஊருக்குத் திரும்பாமலே வசிப்பு அட்டைக்கு விண்ணப்பிக்கச் சட்டம் ஒரு வழி வைத்திருப்பது உண்மைதான். ஆனால் அதற்கு அவர் முறையாக நாட்டுக்குள் நுழைந்திருக்க வேண்டும், கல்யாணம் பிரான்சில் நடந்திருக்க வேண்டும், இருவரும் அங்கே ஆறு மாதம் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும். நீங்கள் கணக்கு டீச்சர்; நீங்களே கூட்டிக் கழித்துப் பாருங்கள். போன அன்றே மேரியில் மாலை மாற்றினாலும், விசா மூன்று மாதத்தில் முடிகிறது, விண்ணப்பிக்கும் தகுதியோ ஆறாவது மாதத்தில்தான் வருகிறது. நடுவில் உள்ள மூன்று மாதமும், விண்ணப்பம் முடிவாகும் வரையுள்ள காலமும், நீங்கள் செல்லுபடியாகும் விசா இல்லாத ஒருவர். வேலைக்குப் போக முடியாது. ஊருக்கு வந்தால் திரும்பிப் போக முடியாது. அதுவும் சுற்றிப்பார்க்கப் போகிறேன் என்று எழுதிக் கொடுத்துக் கல்யாணத்துக்குப் போவது பொய் சொல்லி வாங்கிய விசா ஆகிவிடும். அந்த விசா மறுக்கப்பட்டால், மறுத்த விவரம், ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளான ஷெங்கன் நாடுகளின் பொதுப் பதிவில் ஐந்து ஆண்டுகள் இருக்கும். பின்னால் மனைவி என்ற முறையில் விண்ணப்பிக்கும்போதும் அது அதிகாரியின் கண்ணில் படும்.

எங்கள் உறவில் ஒரு பெண் இப்படித்தான் போனாள். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பு, எல்லாம் பார்த்துக்கொள்கிறோம் என்று சொன்ன ஓர் இடைத்தரகரை நம்பி அனுப்பினோம். அனுப்பியவர்களில் நானும் ஒருத்தி. அட்டை கைக்கு வர ஒன்றரை ஆண்டு ஆயிற்று. அதற்குள் அவளுடைய அப்பா நெல்லிக்குப்பத்தில் இறந்துவிட்டார். வந்தால் திரும்பிப் போக முடியாது என்று அவள் வரவில்லை. கருமாதி அன்று நான் கையில் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தச் சின்னத் திரையில் அவள், குளிருக்குப் போட்ட கோட்டைக்கூடக் கழற்றாமல், ஒரு சமையலறை மூலையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஐயர் பிண்டத்தை எடுத்து வைத்தபோது படம் உறைந்து நின்றுவிட்டது. அவள் “தெரியலை சித்தி, தெரியலை சித்தி” என்று சொன்ன குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது. உங்கள் கடிதத்தைப் படித்ததும் எனக்கு அந்தக் குரல்தான் கேட்டது. அதனால்தான் இவ்வளவு அழுத்தமாக எழுதுகிறேன்.

மனைவி என்ற முறையில் கேட்கும் நீண்டகால விசாவுக்குச் சட்டத்தில் ஒரு பலம் உண்டு. சுற்றுலா விசாவை அதிகாரி தன் சந்தேகத்தின் பேரிலேயே மறுக்கலாம். பிரெஞ்சுக் குடிமகனின் மனைவிக்கு அப்படி மறுக்க முடியாது. கல்யாணத்தில் மோசடி, கல்யாணம் செல்லாது என்ற தீர்ப்பு, பொது ஒழுங்குக்கு ஆபத்து என்பவையே மறுப்பதற்கான காரணங்கள். விசாக் கட்டணமும் கிடையாது. அந்த விசாவே முதல் ஓராண்டுக்கு வசிப்பு அட்டையாகவும் செல்லும். போய் இறங்கியதும் வேலை தேடலாம், கருமாதிக்கும் வரலாம், காதுகுத்துக்கும் வரலாம்.

ஸ்டூடன்ட் விசாவைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. உங்களுக்கு அங்கே மேற்படிப்புப் படிக்க உண்மையான விருப்பம் இருந்தால் அது நல்ல வழி, கல்யாணத்துக்குப் பிறகு நிலையை மாற்றிக்கொள்ளவும் இடமுண்டு. படிக்கும் எண்ணமே இல்லாமல் கல்லூரிக் கட்டணமும் ஏஜென்ட் கட்டணமும் கட்டி, ஆண்டுக்கு 964 மணி நேரம் மட்டுமே வேலை செய்யலாம் என்ற கட்டுப்பாட்டோடு போவதற்கு, மனைவி என்ற உரிமை கையில் இருக்கும் உங்களுக்கு ஒரு அவசியமும் இல்லை.

சரி, இங்கே கல்யாணம் என்றால் எந்த வரிசையில் செய்வது? இந்த வரிசையைத்தான் நம் குடும்பங்கள் தவறவிடுகின்றன. முதலில் பத்திரிகை அடித்து, மண்டபம் பிடித்து, தாலி கட்டி முடித்துவிட்டு அப்புறம் கான்சுலேட்டுக்குப் போகிறார்கள். போக வேண்டியது தாலிக்கு முன்னால். பிரெஞ்சுக் குடிமகன் வெளிநாட்டில் கல்யாணம் செய்துகொள்வதற்கு முன், அவருக்குக் கல்யாணம் செய்துகொள்ளச் சட்டத் தடை இல்லை என்ற சான்றிதழைப் புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சுத் துணைத் தூதரகத்தில் பெற வேண்டும். அதற்காக உங்கள் இருவர் பெயரையும் போட்டு அறிவிப்பு 10 நாள் ஒட்டப்படும். மாப்பிள்ளை வசிக்கும் ஊர் மேரியிலும் ஒட்டப்படும். இருவரையும் சேர்த்தோ தனித்தனியாகவோ அழைத்துப் பேசுவார்கள். எப்படிப் பழக்கம், யார் பேசி முடித்தது, வீட்டில் யார் யார் என்று கேட்பார்கள்; உள்ளதை உள்ளபடி சொன்னால் போதும். பெற்றோர் பார்த்து வைத்த கல்யாணம் என்று சொல்வதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. சம்மதம் உங்களுடையதா என்பதுதான் அவர்களுக்குத் தெரிய வேண்டும். இந்தச் சான்றிதழுக்கு மாதக்கணக்கில் ஆகலாம். ஆகவே தை முகூர்த்தத்துக்கு மண்டபத்துக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். மாசியிலோ பங்குனியிலோ தேவநாத சுவாமி சந்நிதியில் நடக்கட்டும். சான்றிதழ் இல்லாமல் கல்யாணம் முடித்தவர்களுக்கும் வழி அடைபட்டுவிடுவதில்லை, ஆனால் அந்த விசாரணை பிறகு நடக்கும், சந்தேகம் எழுந்தால் கோப்பு பிரான்சில் உள்ள நாந்த் நகர அரசு வழக்கறிஞர் வரைக்கும் போய் ஆறு மாதம் கூட அங்கே இருக்கும்.

கல்யாணம் ஆனதும் 90 நாளுக்குள் தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டப்படி சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்யுங்கள். திருவந்திபுரம் கடலூர் மாவட்டம் என்பதால், மாப்பிள்ளை வீடு புதுச்சேரியில் இருந்தாலும் பதிவு தமிழ்நாட்டில்தான். அந்தச் சான்றிதழைக் கொண்டு பிரெஞ்சுப் பதிவேட்டில் கல்யாணத்தை ஏற்றச் சொல்லித் துணைத் தூதரகத்தில் விண்ணப்பம். ஏறியதும் உங்கள் கல்யாண விவரம் பதிந்த குடும்பப் புத்தகம் கொடுப்பார்கள். அதை வைத்துக்கொண்டுதான் விசாவுக்கு ஆன்லைனில் விண்ணப்பிப்பது.

இத்தனை படிகளிலும் நம் பெண்கள் இடறி விழுவது சட்டத்தில் அல்ல, பெயரில். உங்கள் பிறப்புச் சான்றிதழை இன்றே பெட்டியிலிருந்து எடுத்துப் பாருங்கள். கடலூரில் பிறந்த எத்தனையோ பேருடைய சான்றிதழில் பிறந்த தேதி இருக்கும், அப்பா அம்மா பெயர் இருக்கும், குழந்தையின் பெயர் என்ற இடத்தில் ஒரு கோடுதான் இருக்கும். பெயர் வைக்கும் முன்பே பதிவாகி, பிறகு யாரும் போய்ச் சேர்க்காமல் விட்டது. அந்தக் கோட்டை வைத்துக்கொண்டு பிரெஞ்சு அலுவலகத்தில் நீங்கள்தான் அந்தக் குழந்தை என்று நிரூபிக்க முடியாது. பெயரைச் சேர்ப்பதற்குக் கால வரம்புகள் உண்டு என்பதால், மாநகராட்சியில் பிறப்பு இறப்புப் பதிவாளரைப் பார்ப்பதுதான் உங்கள் முதல் வேலை. அடுத்தது இனிஷியல். நமக்கு அப்பாவின் முதலெழுத்துப் போதும். அவர்களுக்குக் குடும்பப் பெயர் ஒன்று, சொந்தப் பெயர் ஒன்று என்று இரண்டு கட்டங்கள் நிரம்ப வேண்டும். பாஸ்போர்ட்டில் அப்பாவின் பெயர் குடும்பப் பெயராகவும், பள்ளிச் சான்றிதழில் இனிஷியலாகவும், ஆதாரில் பின்னால் ஒட்டியும் இருந்தால், மூன்றும் மூன்று பெண்கள் என்றே அந்த அதிகாரி நினைப்பார். மாப்பிள்ளை வீட்டுப் பெயரிலும் கவனம் தேவை. நாம் ஆங்கிலத்தில் ஒரே ஒரு ‘யு’ போடும் இடத்தில் பிரெஞ்சில் ‘ஓ’வும் ‘யு’வும் சேர்ந்து வரும், ‘ஜே’க்கு முன்னால் ஒரு ‘டி’ நிற்கும். சார்பதிவாளர் அலுவலகத்தில் தட்டச்சு செய்பவர் தனக்குப் பழகிய எழுத்தில் அடித்துவிடுவார். கையெழுத்துப் போடும் முன்பு மாப்பிள்ளையின் பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்து ஒவ்வோர் எழுத்தாக ஒத்துப் பாருங்கள்.

போய்ச் சேர்ந்த பிறகு மூன்று மாதத்துக்குள் விசாவை ஆன்லைனில் செல்லுபடி ஆக்க வேண்டும். இதை மறந்தால் இவ்வளவு பாடும் வீண். கணவர் செய்துவிடுவார் என்று விடாமல் உடன் உட்கார்ந்து செய்யுங்கள். பாஸ்போர்ட், விசா, குடும்பப் புத்தகத்தின் நகல்கள் ஒரு கட்டு உங்களிடம், ஒரு கட்டு மஞ்சக்குப்பத்தில் அப்பாவிடம் இருக்கட்டும். அட்டையைப் புதுப்பிக்கச் சேர்ந்து வாழ்வது நிபந்தனை என்பதைச் சொல்லி மனைவியை மிரட்டும் ஆண்களும் உண்டு. உங்களவர் அப்படி என்று நான் சொல்லவில்லை. ஆனாலும் தெரிந்துகொள்ளுங்கள்: கணவனின் வன்முறையால் பிரிந்த பெண்ணுக்கு அட்டை போய்விடக் கூடாது என்று அதே சட்டம் பாதுகாப்பு வைத்திருக்கிறது, அங்கே பெண்களுக்கான இலவச உதவி எண் 3919.

காத்திருக்கும் மாதங்களில் பிரெஞ்சு படியுங்கள். புதுச்சேரியில் 1889-இல் தொடங்கிய அலியான்ஸ் பிரான்சேஸ் என்ற பிரெஞ்சு மொழி நிலையம் இருக்கிறது. கடலூரிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரம்தான். நீண்டகால அட்டைகளுக்கு மொழித் தேர்ச்சியை இப்போது கடுமையாக்கியிருக்கிறார்கள் என்பது ஒரு காரணம். மேரியிலும் மருத்துவரிடமும் உங்கள் பேச்சை நீங்களே பேச வேண்டும் என்பது எனக்கு அதைவிடப் பெரிய காரணம்.

அத்தையிடம் அப்பா பேசுவதைவிட மாப்பிள்ளையே பேசுவது நல்லது. இந்த ஞாயிற்றுக்கிழமை அவர் போன் செய்யும்போது, 90 நாள், ஆறு மாதம் என்ற கணக்கை அவருக்கு நிதானமாகச் சொல்லுங்கள். பிறப்புப் பதிவின் முழு நகலுக்கு அவரை விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். மூன்று மாதத்துக்கு மேல் பழைய நகலை ஏற்க மாட்டார்கள் என்பதால், உங்கள் பிறப்புச் சான்றிதழில் அந்தக் கோடு இல்லை என்று பார்த்துவிட்ட பிறகு அவர் வாங்கினால் போதும்.