பட்டியலில் விலங்கியல்: ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

மன்னார் வளைகுடாத் தீவுகளைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரைகளை விடாமல் வாசிப்பவள் நான். சொந்த ஊர் தங்கச்சிமடம். அப்பா விசைப்படகில் கடலுக்குப் போகிறார். எம்.எஸ்சி. விலங்கியல் முடித்து, இரண்டு ஆண்டுகளாக ஓர் ஆராய்ச்சித் திட்டத்தில் புராஜெக்ட் அசிஸ்டென்டாக இருக்கிறேன். பாம்பன் தெற்குவாடியிலும் ராமேஸ்வரத்திலும் படகுகள் கரைக்கு வந்ததும் மீன்களை இனம்பிரித்து, அளந்து, எடைபோட்டு எழுதுவது என் வேலை. வரும் மார்ச்சோடு திட்டம் முடிகிறது. அதற்கப்புறம் என்ன என்று தெரியவில்லை.

ராமநாதபுரத்தில் கன்சல்டன்சி வைத்திருக்கும் ஒருவர், ஆஸ்திரேலியக் குடியேற்றப் பட்டியலில் விலங்கியலாளர் என்ற தொழில் இருக்கிறது, எட்டு மாதத்தில் பி.ஆர். (நிரந்தர வசிப்புரிமை) வாங்கித் தருகிறேன், மொத்தம் மூன்று லட்சம், முதலில் ஒரு லட்சம் கட்டுங்கள் என்கிறார். தள்ளிப்போட்டால் பட்டியலை மூடிவிடுவார்களாம். நகையை அடகு வைக்கலாம் என்கிறார் அம்மா. என் பேராசிரியரோ, உன் படிப்புக்கு வெளிநாட்டில் யார் வேலை கொடுப்பார்கள், பேசாமல் பி.எட். சேர்ந்துவிடு என்கிறார். எனக்கு வயது 26. திருமணமாகவில்லை. யார் சொல்வதைக் கேட்பது?

எஸ்.,
தங்கச்சிமடம்

*

அன்புள்ள எஸ்.,

முதலில் அவசரமானதைச் சொல்லிவிடுகிறேன். நகையை அடகு வைக்காதீர்கள். அந்த ஒரு லட்சத்தைக் கட்டாதீர்கள். மற்றதை நிதானமாகப் பார்க்கலாம்.

பட்டியலில் விலங்கியலாளர் இருப்பது உண்மைதான். ஆஸ்திரேலியத் தொழில் வகைப்பாட்டில் அதற்கு 234518 என்று எண். கடல் உயிரியலாளருக்குத் தனி எண், 234516. ஆனால் பெயர் பட்டியலில் இருப்பதால் மட்டும் விசா வந்துவிடாது. விண்ணப்பிப்பவர் உண்மையிலேயே விலங்கியலாளர்தானா என்று முதலில் வெட்டாசெஸ் என்ற அமைப்பு மதிப்பிடும். உங்கள் பட்டம் அந்தத் தொழிலுக்கு நெருக்கமான பாடத்தில் இருக்க வேண்டும். பட்டம் பெற்ற பிறகு, கடந்த ஐந்து ஆண்டுகளுக்குள், குறைந்தது ஓராண்டு அதே தொழிலில் சம்பளத்துக்கு வேலை பார்த்திருக்க வேண்டும். வாரத்துக்கு 20 மணி நேரமாவது பார்த்திருந்தால்தான் கணக்கில் சேரும்.

உங்கள் கடிதத்தில் எனக்கு மிகப் பெரிதாகத் தெரிவது அந்த இரண்டு ஆண்டு வேலைதான். நீங்கள் அதை ஒரே வாக்கியத்தில் கடந்துபோகிறீர்கள். உங்களிடம் இருக்கும் சொத்து அதுதான். மார்ச்சுக்குள் அதைக் காகிதத்தில் ஏற்றிக்கொள்ள வேண்டும்.

இங்கே திட்டங்கள் முடியும்போது என்ன தருவார்கள் என்று எனக்குத் தெரியும். 'இவர் எங்கள் திட்டத்தில் இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை பணிபுரிந்தார், இவரது நடத்தை நன்று.' முடிந்தது. அதை வைத்துக்கொண்டு மெல்போர்னில் உட்கார்ந்திருக்கும் மதிப்பீட்டாளர் ஒன்றும் செய்ய முடியாது. அவருக்கு நீங்கள் என்ன செய்தீர்கள் என்று தெரிய வேண்டும்.

என்ன செய்தீர்கள்? ராமேஸ்வரத்தில் இறங்கும் காரல் மீனை எடுத்துக்கொள்ளுங்கள். கரையில் நிற்பவருக்கு எல்லாம் காரல், கருவாட்டுக்குப் போவது. நீங்கள் அதன் வாயை இழுத்துப் பார்க்கிறீர்கள். மேல்நோக்கி நீண்டால் ஸெக்யூட்டர், கீழ்நோக்கி நீண்டால் லியோக்னாதஸ், தாடையில் கோரைப்பல் இருந்தால் காஸா. பிறகு நீளம், எடை, வயிற்றைக் கீறிக் கருவகத்தின் முதிர்ச்சி நிலை. மாதக் கடைசியில் எல்லாவற்றையும் அட்டவணையாக்கி, எந்த மாதம் எந்த இனம் முட்டையிடுகிறது என்று எழுதிக்கொடுக்கிறீர்கள். இது விலங்கியலாளரின் வேலை. இந்த வேலையை இந்தச் சொற்களிலேயே லெட்டர்ஹெட்டில் எழுதி வாங்குங்கள். பதவிப் பெயர், சேர்ந்த தேதி, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், மாதம் எவ்வளவு சம்பளம், என்னென்ன பணிகள், கையெழுத்திடுபவரின் பெயர், பதவி, அலுவலக மின்னஞ்சல். கூடவே சம்பளச் சீட்டுகள், சம்பளம் ஏறிய வங்கிக் கணக்கு அறிக்கை, நியமன ஆணை. பணத்தைக் கையில் வாங்கியிருந்தால் பிற்பாடு நிரூபிப்பது பெரும்பாடு.

இன்னொன்று. உங்கள் வேலை இறங்குதளத்தில் கடல்மீன்களோடு. ஏஜென்ட் விலங்கியலாளர் என்ற எண்ணைச் சொல்கிறார். கடல் உயிரியலாளர் என்ற எண்ணின் பணிவிவரத்தையும் வாசித்து, உங்கள் பட்டமும் பணிகளும் எதற்கு நெருக்கம் என்று பார்த்த பிறகே முடிவு செய்யுங்கள். தவறான எண்ணில் விண்ணப்பித்து நிராகரித்தால், ஆயிரம் டாலரை ஒட்டிய மதிப்பீட்டுக் கட்டணம் போனது போனதுதான்.

அடுத்தது, ஆஸ்திரேலிய விசாவுக்கு ஆளைத் தேர்ந்தெடுக்கும் பாயின்ட் கணக்கு. இதை ஏஜென்ட் உங்களுக்குப் போட்டுக் காட்டியிருக்க வேண்டும். 25 முதல் 32 வயதுக்கு 30. முதுகலைக்கும் இளங்கலைக்கும் ஒரே மதிப்பு, 15. திருமணமாகாதவருக்கு 10. ஆக 55. ஆஸ்திரேலியாவுக்கு வெளியே பெற்ற மூன்றாண்டுக்குக் குறைவான அனுபவத்துக்கு, அதாவது உங்கள் இரண்டு ஆண்டுக்கு, ஒன்றும் கிடையாது. ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வில் நான்கு பகுதியிலும் 7 எடுத்தால் 10, நான்கிலும் 8 எடுத்தால் 20. எனவே உங்கள் கணக்கு 65 அல்லது 75. விண்ணப்பிக்கக் குறைந்தபட்சம் 65 வேண்டும். ஆனால் 65 உள்ள எல்லாரையும் அழைப்பதில்லை. 189 என்ற விசாவில் அதிகப் பாயின்ட் உள்ளவரிலிருந்து அழைத்துக்கொண்டு வருவார்கள். 190 என்ற விசாவில் ஒரு மாநிலம் உங்களை முன்மொழிந்தால் 5 கூடும். 491 என்ற விசாவில் ஒரு மாநிலம் முன்மொழிந்து, நீங்கள் பெருநகருக்கு வெளியே வாழ ஒப்புக்கொண்டால் 15 கூடும், ஆனால் அது ஐந்தாண்டுத் தற்காலிக விசா. விசாக் கட்டணம் மட்டும் 4500 டாலருக்கு மேல். அழைப்பு அனுப்புவது அந்நாட்டு அரசு. எட்டு மாதத்தில் தருகிறேன் என்று ராமநாதபுரத்தில் இருந்துகொண்டு எவரும் வாக்குக் கொடுக்க முடியாது.

தள்ளிப்போட்டால் மூடிவிடும் என்பதற்கும் பதில் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது. வயதுக்கான அந்த 30 பாயின்ட் உங்களுக்கு 33 ஆகும் வரை குறையாது. அதற்குள் முனைவர் பட்டம் முடித்தால் 15 என்பது 20 ஆகும். ஏழு ஆண்டு கையில் இருக்கிறது, அம்மா. பட்டியல்கள் மாறலாம். அந்தப் பயத்தை விற்றுத்தான் இவர்கள் பிழைக்கிறார்கள்.

கனடாவைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அங்கே விலங்கியலாளர் 21110 என்ற உயிரியலாளர் தொகுதிக்குள் வருவார். ஓராண்டுத் தொடர் முழுநேர வேலை, ஆங்கிலத்தில் நான்கிலும் 6, தகுதிப் பாயின்ட் நூற்றுக்கு 67 இருந்தால் விண்ணப்பிக்கலாம். ஆனால் அண்மைக் காலத்தில் பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கும் மருத்துவத் துறையினருக்கும் தனித்தனியாக அழைப்பு விடுகிறார்கள், பொதுவாக நிற்பவருக்குக் கடினம். பிரிட்டனில் ஒரு நிறுவனம் முன்வந்து உங்களை எடுக்க வேண்டும். 2025 ஜூலையிலிருந்து பொதுச் சம்பள வரம்பு ஆண்டுக்கு 41,700 பவுண்டு. புதிதாக வருபவருக்குச் சலுகை உண்டென்றாலும், உங்கள் நிலையில் நேரே அங்கே போக முயல்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

நான் பரிந்துரைப்பது வேறு வழி. ஜெர்மனி, நெதர்லாந்து, சுவீடன், நார்வே, டென்மார்க் நாடுகளில் முனைவர் பட்ட ஆய்வு என்பது சம்பள வேலை. இடம் காலியானால் விளம்பரம் வரும். முதுகலைப் பட்டத்தோடு விண்ணப்பிக்கலாம். கட்டணம் கிடையாது, ஏஜென்ட் கிடையாது. ஜெர்மனியில் டிவி-எல் 13 என்ற ஊதிய நிலையில் பாதி முதல் முக்கால் பங்கு வரை தருவார்கள், ஒருவர் வாழப் போதும். யூராக்செஸ் என்ற ஐரோப்பியத் தளத்தில் இவ்விளம்பரங்களைத் தேடலாம். இன்னொரு முதுகலை படிக்கத் தயாரென்றால், பெல்ஜியத்தின் கெண்ட் (Ghent) பல்கலைக்கழகம் ஒருங்கிணைக்கும் கடல் உயிரியல் வளப் படிப்புக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ் உதவித்தொகை இப்போது உண்டா என்று பாருங்கள், கிடைத்தால் மாதம் 1400 யூரோ.

நம் ஊர்க்காரர்களுக்குப் பழகிய அரபு நாடுகளையும் விட்டுவிடாதீர்கள். ஓட்டுநராக, கடைப் பணியாளராக, கட்டட வேலைக்கு என்று போகும் நம் பிள்ளைகளைத்தான் நாம் பார்த்திருக்கிறோம். சவூதியில் செங்கடல் ஓரம் துவல் என்ற இடத்தில் கிங் அப்துல்லா அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 2009 முதல் நடக்கிறது. பவளப்பாறை ஆய்வுக்குப் பேர் பெற்றது. சேர்ந்தவருக்குக் கட்டணமில்லை, மாத உதவித்தொகையும் உண்டு. ஆஸ்திரேலியாவுக்கு அடுத்தபடி உலகில் ஆவுளியா எனும் கடற்பசு அதிகம் வாழ்வது பாரசீக வளைகுடாவில்தான், அதிலும் அபுதாபிக் கடலில். நம் பாக் விரிகுடாவில் எஞ்சியிருக்கும் கொஞ்சத்துக்காக 2022-இல் 448 சதுர கிலோமீட்டரைக் காப்பகமாக அறிவித்தோம். உங்கள் அப்பாவின் வலையில் எப்போதாவது ஆவுளியா சிக்கியிருக்கும். அவர் வலையை அறுத்து அதைக் கடலில் விட்ட கதை உங்கள் வீட்டிலேயே இருக்கலாம். வலையில் சிக்கும் கடற்பாலூட்டிகளைப் பற்றி ஆய்வு செய்யும் இடங்களில், மீனவரோடு உட்கார்ந்து பேசத் தெரிந்த ஆய்வாளரைத் தேடுகிறார்கள். அது உங்களுக்குப் பிறப்பிலேயே வந்தது. விண்ணப்பத்தில் அதை எழுதக் கூச்சப்படாதீர்கள்.

மாலத்தீவு விடுதிகளில் கடல் உயிரியலாளர்களை வேலைக்கு எடுக்கிறார்கள். ஸ்கூபா சான்றிதழ் இல்லாமல் அங்கே கதவு திறப்பது அரிது. கடலோரத்தில் பிறந்தும் நம் பெண்பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுத்தராமல் வளர்த்துவிடுகிறோம். தெரியாதென்றால் இப்போதே தொடங்குங்கள். எந்த நாட்டுக்குப் போனாலும் உதவும்.

உங்கள் பேராசிரியர் சொன்னது என்னை வருந்தவைத்தது. ஆசிரியப் பணி உயர்ந்தது, அதை விரும்பினால் தாராளமாகப் போகலாம். ஆனால் உன் படிப்புக்கு யார் வேலை தருவார் என்று ஒரு விலங்கியல் ஆசிரியரே மாணவியிடம் சொல்லலாமா? மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் தலைமையகம் 1949 முதல் கொச்சிக்கு மாறிய 1971 வரை நம் மண்டபத்தில்தான் இருந்தது. இந்தியக் கடல் உயிரியல் சங்கம் 1958-இல் தொடங்கியதும் அங்கேதான். 2010-இல் நாட்டிலேயே முதன்முறையாகக் கோபியா மீனைத் தொட்டியில் இனப்பெருக்கம் செய்யவைத்ததும் மண்டபம் மையத்தில்தான். குருசடைத் தீவில் பாலனோகிளாசஸ் என்ற கடற்புழுவைப் பார்க்க நாடு முழுவதிலுமிருந்து விலங்கியல் மாணவர்கள் வந்தார்கள். நீங்கள் அந்தத் தீவு கண்ணுக்கெட்டும் தூரத்தில் பிறந்தவர். நடைமுறைச் சிக்கலும் ஒன்று உண்டு. பி.எட். முடித்துப் பள்ளியில் பாடம் நடத்தும் ஆண்டுகள் விலங்கியலாளர் அனுபவமாகக் கணக்கில் வராது. ஐந்தாண்டு கடந்தால் இப்போதைய இரண்டாண்டும் மதிப்பீட்டுக்கு உதவாது.

ஏஜென்ட் விஷயத்தில் சில. வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர் இந்திய அரசிடம் பதிவு பெற்றிருக்க வேண்டும், இ-மைக்ரேட் தளத்தில் பெயரைத் தேடலாம். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். குடியேற்ற ஆலோசனை வேறு வகை. அதற்கு ஆஸ்திரேலிய அரசிடம் பதிவு பெற்றவர்கள் இருக்கிறார்கள், பதிவு எண்ணைக் கேளுங்கள். எண்ணைக் கேட்டதும் பேச்சை மாற்றுபவரிடம் எழுந்து வந்துவிடுங்கள். தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் சென்னையில் இருக்கிறது, விசாரிக்கக் காசு வேண்டாம்.

ஓர் எச்சரிக்கை. வெளிநாட்டுப் பேராசிரியர் யாராவது மின்னஞ்சலில், ஒரு திசுத் துண்டு அனுப்பு, கடல் அட்டை ஒன்று அனுப்பு என்று கேட்டால் ஒப்புக்கொள்ளாதீர்கள். கடல் அட்டை வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பது. மற்ற மாதிரிகளையும் 2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்மைச் சட்டப்படி, தேசிய உயிரியல் பன்மை ஆணையத்தின் ஒப்புதலில்லாமல் அயலாருக்குக் கொடுக்க முடியாது. ஆர்வத்தில் செய்துவிட்டு வழக்கில் மாட்டிக்கொண்டால் பாஸ்போர்ட்டே முடங்கிவிடும்.

இப்போது செய்ய வேண்டியது, அந்தப் பணிச் சான்றிதழின் வரைவை நீங்களே தயாரிப்பது. திட்டத் தலைவர்கள் எழுத நேரமில்லாமல்தான் ஒரு வரிச் சான்றிதழ் தருகிறார்கள். தயாராக எழுதிக் கொண்டுபோனால் பெரும்பாலும் படித்துப் பார்த்துக் கையெழுத்திடுவார்கள். செய்யாத எதையும் சேர்க்காதீர்கள், செய்த எதையும் விடாதீர்கள். பொங்கல் விடுமுறைக்கு முன் எழுதி எனக்கு அனுப்புங்கள். இனப்பெயர்களையும் ஆங்கிலத்தையும் பார்த்துத் திருப்பி அனுப்புகிறேன். அம்மாவிடமும் பேச வேண்டுமென்றால் சொல்லுங்கள், வீட்டுக்கே வருகிறேன்.