கேள்வி–பதில்: கோப்பையைப் பார்த்தே பீர் வகை சொல்ல முடியுமா?

கே: வீட்டில் பீர் தயாரிக்கும் நண்பர்கள் கோப்பையைப் படமெடுத்து அனுப்பி, ஒரு குறிப்பும் தந்து வகையைக் கேட்கிறார்கள். வெளிர்நிறத்தில் கலங்கலாக இருந்தால் ஹெஃபவைசன் (ஜெர்மன் கோதுமை பீர்), விட்பியர் (பெல்ஜியக் கோதுமை பீர்), ஹேஸி ஐபிஏ (ஹாப்ஸ் பூ மிகுந்த கலங்கல் பீர்) மூன்றையும் குழப்பிக்கொள்கிறேன். எப்படிப் பிரிப்பது?

ப: நிறத்தை நம்பாதீர்கள். பீரின் நிற அடர்த்தியைச் சொல்லும் எஸ்ஆர்எம் அளவில் மூன்றுமே 2 முதல் 7-க்குள் வந்துவிடும். நுரையையும் கலங்கலின் தன்மையையும் பாருங்கள். ஹெஃபவைசனில் பாதிக்கு மேல் கோதுமை மால்ட் (முளைகட்டி உலர்த்திய தானியம்). கார்பன் டை ஆக்சைடும் அதிகம். அதனால் வெள்ளை நுரை உயரமாக எழுந்து, சட்டென்று அடங்காது. கலங்கலுக்குப் பெரும்பங்கு ஈஸ்ட்தான். ஊற்றி வைத்துவிட்டால் அடிப்பக்கம் அடர்த்தியாகும். விட்பியரில் சேர்வது மால்ட் ஆக்காத பச்சைக் கோதுமை. மஞ்சளில் பால் கலந்தாற்போன்ற வெண்மை தெரிந்தால் அதுவே. ஹேஸி ஐபிஏ ஆரஞ்சுச் சாறு மாதிரி, பின்னால் விரல் வைத்தாலும் தெரியாது. அது சாம்பல் கலந்த பழுப்பாக இருந்தால் வகை மாறவில்லை. பாட்டிலில் அடைக்கும்போது காற்று புகுந்திருக்கிறது.

குறிப்பில்தான் பொறி வைப்பார்கள். ‘ஆரஞ்சு வாசனை’ விட்பியரின் ஆரஞ்சுத் தோலாகவும் இருக்கலாம், ஐபிஏ-வின் ஹாப்ஸாகவும் இருக்கலாம். “மல்லி விதை போட்டீர்களா?” என்று திருப்பிக் கேளுங்கள். ஆம் என்றால் அநேகமாக விட்பியர். ‘வாழைப்பழம், கிராம்பு’ என்றால் யோசிக்கவே வேண்டாம், ஹெஃபவைசன். பழமும் கிராம்பும் யாரும் போடுவதில்லை. இரண்டு வாசனையும் ஈஸ்ட் தருவது.

கே: தெளிவாக இருக்க வேண்டிய வெளிர்நிற பீர் பில்ஸ்னர். நான் செய்த பில்ஸ்னரின் படத்தைப் பார்த்து எல்லோரும் கோதுமை பீர் என்கிறார்கள்!

ப: கோப்பையை அறை வெப்பத்தில் வைத்துப் பாருங்கள். தெளிந்துவிட்டால் அது குளிர்க்கலங்கல்: புரதமும் பாலிஃபீனால் என்ற தாவரப்பொருளும் குளிரில் சேர்ந்து திரள்வது. அடுத்த முறை கொதி முடிய 10 நிமிடம் இருக்கும்போது 20 லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி ஐரிஷ் மாஸ் (பீரைத் தெளியவைக்கும் கடற்பாசி) போடுங்கள். நொதித்து முடிந்தபின் 0 டிகிரியை ஒட்டி ஒரு வாரம் வையுங்கள். சூடேறியும் தெளியவில்லையா? ஈஸ்ட் படியாமல் இருக்கலாம், மாவுச்சத்து மிஞ்சியிருக்கலாம். பின்னதைத் தவிர்க்க, மால்ட் ஊறும்போதே ஒரு கரண்டிச் சாற்றை வெள்ளைத் தட்டில் விட்டு ஒரு சொட்டு அயோடின் இடுங்கள். நீலக்கறுப்பானால் 65–67 டிகிரியில் இன்னும் ஊறட்டும். சோதித்த சாற்றைக் கொட்டிவிடுங்கள், பானையில் திரும்ப ஊற்றாதீர்கள்.

கே: கறுப்பாக இருந்தால் வறுத்த பார்லி சேர்க்கும் ஸ்டவுட்தானே?

ப: அவசரப்படாதீர்கள். எஸ்ஆர்எம் அளப்பது 1 செ.மீ. தடிமனில், அகன்ற கோப்பையில் அதே பீர் பல மடங்கு கறுத்துத் தெரியும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஓரத்தைப் பார்க்கச் சொல்வார்கள். சிவப்பு தெரிந்தால் டுங்கல், ஷ்வார்ஸ்பியர் (குளிரில் நொதிக்கும் ஜெர்மன் அடர்நிற பீர்கள்) என்று முடிவு கட்டிவிடவும் முடியாது. கின்னஸ் ஸ்டவுட்கூட அப்படித்தான் சிவக்கும். நுரை தயிரேடு போலக் கெட்டியாக இருந்து, ஊற்றியதும் குமிழிகள் கண்ணாடியை ஒட்டிக் கீழிறங்கினால் நைட்ரஜன் ஏற்றிய பீர். ஸ்டவுட்டுக்கே வாய்ப்பு அதிகம். அது இல்லாவிட்டால் குறிப்புதான் கை கொடுக்கும்: ‘வறுத்த பார்லி’ என்றால் ஸ்டவுட், ‘10 டிகிரியில் நொதித்தது’ என்றால் டுங்கலோ ஷ்வார்ஸ்பியரோ.

கே: பளிச்சென்ற மஞ்சள், ஒல்லியான நேர் உருளைக் கோப்பை?

ப: ஜெர்மனியின் கொலோன் நகரத்து கோல்ஷ், 200 மி.லி. கோப்பை. அதே மாதிரி சிறிய உருளையில் செம்புநிறமாக இருந்தால், பக்கத்து டூசல்டார்ஃபின் ஆல்ட்பியர்.