கொரியப் படத்தைத் திரையிட யாரிடம் அனுமதி பெறுவது?

கேள்வி: பௌத்தச் சூத்திரத்தை அடியொற்றிய 'ஹ்வா-ஒம்-கியுங்' என்ற கொரியப் படத்தை எங்கள் திரைப்படக் கழகத்தின் சார்பில் ஒரு கல்லூரி அரங்கில் திரையிட விரும்புகிறோம். முப்பது ஆண்டுகளைக் கடந்த படம் என்பதால் உரிமைச் சிக்கல் இல்லை என்றும், பணம் கொடுத்தால் பிரதியும் உரிமைக் கடிதமும் தருவதாகவும் ஒருவர் சொல்கிறார். நம்பலாமா?

பதில்: நம்ப வேண்டாம். உரிமைச் சிக்கலே இல்லாத படத்துக்கு உரிமைக் கடிதம் எதற்கு என்று அவரிடமே கேட்டுப் பாருங்கள்.

ஜாங் சுன்வூ இயக்கி 1993இல் வெளிவந்து, மறு ஆண்டு பெர்லின் விழாவில் ஆல்ஃபிரட் பாவர் பரிசு பெற்ற படம் இது. அவதம்சக சூத்திரத்தின் இறுதிப் பகுதியில் சுதனன் என்ற இளைஞன் ஐம்பத்துமூன்று ஆசான்களை நாடிச் செல்லும் கதையை, தாயைத் தேடி அலையும் ஒரு சிறுவனின் பயணமாக மாற்றியிருக்கிறார்கள். சுதனன் திராவிட நாட்டுக்கும் வந்து மேகன் என்பவரிடம் பாடம் கேட்டதாகச் சூத்திரம் சொல்வதால், நம்மவர்களுக்குக் காட்ட மிகவும் பொருத்தமான படம்தான். ஆனால் பொருத்தம் அனுமதியாகிவிடாது. நம் பதிப்புரிமைச் சட்டப்படி திரைப்படத்தின் உரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் நீடிக்கும். அதாவது, 2053 முடியும்வரை இந்தப் படத்துக்கு உரிமையாளர் உண்டு.

இத்தகைய தரகர்கள் தரும் கடிதங்கள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. வண்ண முத்திரை பளிச்சென்று இருக்கும்; படத்தின் கொரியப் பெயரோ, திரையிடும் நாளோ, இடமோ, எத்தனை காட்சி என்பதோ இருக்காது. எல்லாவற்றுக்கும் மேலாக, தயாரிப்பாளரிடமிருந்து அந்த உரிமை அவருக்கு எவ்வாறு வந்தது என்பதற்கு ஒரு வரிகூட இருக்காது. கூடவே வரும் வட்டு, வீட்டில் பார்ப்பதற்காக விற்கப்பட்டதன் நகலாகவே இருக்கும். கொரியத் திரைப்பட ஆவணகம் பல பழைய படங்களை யூடியூபில் இலவசமாக வைத்திருப்பதைக் காட்டி, "பொதுச் சொத்துதானே" என்று சொல்பவர்களும் உண்டு. இலவசமாகப் பார்க்க விடுவது வேறு, அரங்கம் கூட்டிக் காட்ட விடுவது வேறு.

கல்லூரி அரங்கு என்று எழுதியிருக்கிறீர்கள் என்பதால் பதிப்புரிமைச் சட்டத்தில் உள்ள ஒரு விலக்கைச் சற்று விளக்க வேண்டியிருக்கிறது. கல்வி நிறுவனம் தன் செயல்பாட்டின் பகுதியாக, தன் ஆசிரியர்கள், மாணவர்கள், மாணவர்களின் பெற்றோர், பாதுகாவலர், நிறுவனத்தின் செயல்பாடுகளோடு தொடர்புடையோர் ஆகியோருக்கு மட்டும் படம் காட்டினால் அது உரிமை மீறலாகாது. காட்சியை நடத்துவது கல்லூரியாக இருக்க வேண்டும். அரங்கை மட்டும் உங்கள் கழகத்துக்கு விட்டுக்கொடுப்பது இதில் சேராது. "அனைவரும் வருக" என்று முகநூலில் ஒரு சுவரொட்டியைப் போட்ட மறுகணமே விலக்கு போய்விடும். பக்கத்துக் கல்லூரி மாணவர்களும் கழக உறுப்பினர்களும் இதற்குள் அடங்குவார்கள் என்று நம்பி இறங்காதீர்கள்.

பொதுக்காட்சி என்றால் தணிக்கைச் சான்றிதழோ மத்திய அரசின் விலக்கோ வேறு வேண்டும். நாற்பது பேர் ஒருநாள் மாலையில் உட்கார்ந்து பார்க்கும் படத்துக்கும் வணிகத் திரையரங்குகளை மனத்தில் வைத்து 1952இல் எழுதிய திரைப்படச் சட்டமே பொருந்துகிறது.  இந்தச் சிக்கலை வைத்துத்தான் தரகர்கள் பிழைக்கிறார்கள்.

சியோலில் உள்ள கொரியத் திரைப்பட ஆவணகத்துக்கு நாள், இடம், பார்வையாளர் எண்ணிக்கை ஆகியவற்றைக் குறிப்பிட்டு மின்னஞ்சல் அனுப்பி, திரையிடும் உரிமை இப்போது யாரிடம் உள்ளது என்று கேளுங்கள். சென்னையில் உள்ள இந்திய-கொரியப் பண்பாட்டு அமைப்பான இன்கோ மையத்தையும் டெல்லியின் கொரியப் பண்பாட்டு மையத்தையும் அணுகிப் பாருங்கள். கட்டணம் கேட்டால், அனுமதிக் கடிதத்தில் கையெழுத்திட்ட நிறுவனத்தின் வங்கிக் கணக்குக்கே செலுத்துங்கள். தனிநபர் கணக்குக்கு ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள்.