ராத்திரி வாங்கிய ஃப்ரைட் ரைஸைக் காலையில் சூடாக்கிக் கொடுக்கலாமா?

கேள்வி: மகன் ராமநாதபுரத்தில் படிக்கிறான். அங்கே எந்நேரமும் கூட்டமாக இருக்கும் ஒரு சைனீஸ் ஃபாஸ்ட்ஃபுட் கடையில் இறால் ஃப்ரைட் ரைஸ் பார்சல் வாங்கி வந்தான். ராத்திரியே சாப்பிட்டான், ஒன்றும் ஆகவில்லை. கடலுக்குப் போன என் வீட்டுக்காரர் விடிந்து வந்ததும் மீதியை ஆவி பறக்கச் சூடாக்கிக் கொடுத்தேன். இரண்டு மணி நேரத்தில் ஓயாத வாந்தி. சாயங்காலம் சரியாகிவிட்டது. அஜினமோட்டோவா, இறாலா? அந்தக் கடைக்கு இனி போகக்கூடாதா? (பாம்பன் வாசகி)

பதில்: ஒரே பொட்டலத்தை இருவர் சாப்பிட்டிருக்கிறார்கள். நடுவே கழிந்தது ஒரு ராத்திரி. நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், எனக்குச் சந்தேகம் சோற்றின் மேல்தான்.

அரிசியில் பேசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் சாதாரணமாகவே இருக்கும். உலை கொதித்தாலும் பிழைத்துக்கொள்ளும். வடித்த சோறு வெதுவெதுப்பாகக் கிடந்தால் முளைத்துப் பெருகி, சீரியுலைடு என்ற நச்சை அதில் விட்டுவிடும். அந்த நச்சு 121 டிகிரி சூட்டில் ஒன்றரை மணி நேரம் இருந்தாலும் அழியாது. நீங்கள் அக்கறையாகச் சூடாக்கியும் பலனில்லாமல் போனது இதனால்தான். மனதைப் போட்டு வருத்திக்கொள்ளாதீர்கள். சாப்பிட்ட அரை மணியிலிருந்து ஆறு மணி நேரத்துக்குள் வாந்தி தொடங்குவதும், ஒரு நாளில் தானாக அடங்குவதும் இதன் போக்கு.

ஃப்ரைட் ரைஸுக்குச் சுடுசோறு ஆகாது, சட்டியில் குழைந்துவிடும். அதனால் கடைகளில் முன்னதாகவே வடித்து ஆறவைக்கிறார்கள். அதாவது, மகன் வாங்கும்போதே அந்தச் சோற்றுக்குச் சில மணி நேரம் வயதாகியிருக்கலாம். அப்புறம் கவரில் இறுக்கக் கட்டிய பொட்டலம், பாம்பன் வெக்கை, ஒரு முழு ராத்திரி.

‘பழைய சோறும் ராத்திரி முழுக்க வெளியில்தானே இருக்கிறது?’ என்று கேட்பீர்கள். அது நீரில் ஊறிப் புளிக்கிறது. புளிப்பு ஏறினால் இந்தக் கிருமிக்கு வளர வழியில்லை. எண்ணெயும் முட்டையும் சேர்ந்த சோற்றுக்கு அந்தக் காவல் கிடையாது.

அஜினமோட்டோவுக்குச் சுவை தரும் குளூட்டமேட்டை 1908-இல் ஜப்பானிய வேதியியலாளர் கிக்குனே இக்கேடா கடற்பாசியிலிருந்து பிரித்தார். அது தக்காளியிலும் உண்டு. 1968-இல் ஒரு மருத்துவ இதழில் வந்த வாசகர் கடிதத்திலிருந்துதான் சைனீஸ் கடைச் சாப்பாட்டின் மேல் பழி பரவியது. அதற்குப் பின் நடந்த சோதனைகளில் அது உறுதிப்படவில்லை. இறால் ஒவ்வாமை என்றால் அரிப்பு, தடிப்பு, உதட்டு வீக்கம் போன்றவை வந்திருக்கக்கூடும். அப்படி ஏதாவது இருந்திருந்தால் மட்டும் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கடையை ஒதுக்க வேண்டாம். கூட்டமுள்ள கடையில் சோறு சீக்கிரம் தீரும், அது நல்லதுதான். ஆனால் காலையிலேயே மொத்தமாக வடித்து அண்டாவில் மூடி வைத்திருந்தால் கூட்டத்தால் பயனில்லை. “சோறு எப்ப வடிச்சதுண்ணே?” என்று மகன் கேட்கட்டும். அகலத் தட்டில் பரப்பி ஆறவைத்து ஃப்ரிட்ஜில் வைக்கும் மாஸ்டர் கூசாமல் பதில் சொல்வார். நூடுல்ஸையும் முன்கூட்டியே வேகவைப்பதால் அதற்கும் இதே கேள்விதான்.

பார்சலை வீடு வந்த உடனே சாப்பிட்டு முடியுங்கள், மிஞ்சியதைக் கொட்டிவிடுங்கள். இறாலைக் கொட்ட மனசு வராது, தெரியும். கொட்டத்தான் வேண்டும். மறுபடி வாந்தி வந்தால் கொதித்து ஆறிய நீரில், பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுப்படி ஓஆர்எஸ் பொடி கலந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுங்கள். ஒரு நாளைத் தாண்டினாலோ, சிறுநீர் குறைந்தாலோ ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

உங்கள் வீட்டுக்காரருக்கு அந்த ஃப்ரைட் ரைஸ் பிடிக்குமென்றால், கடலுக்குப் போகாத நாளில் மகனோடு கடைக்கே போய், சட்டியிலிருந்து இறக்கிய சூட்டோடு சாப்பிடட்டும்.