முன்னா, பின்னா? – முகக்கவசமும் செவியும்: கேள்வி-பதில்

கானாடுகாத்தான் வாசகர்: என் அப்பத்தாளுக்கு 76 வயது. வீட்டில் பேசுவது கேட்கிறது. மருத்துவமனையில் மட்டும் ஒன்றும் புரியவில்லை என்கிறார். செவித்திறன் திடீரெனக் குறைந்துவிட்டதா?

பல ஆண்டுகளாகக் குறைந்துவந்தது இப்போது வெளிப்பட்டிருக்கிறது என்றே கருதுகிறேன். முதுமையில் கீச்சென்ற உயர் அதிர்வெண் ஒலிகள் முதலில் மங்கும். அக்குறையை அவர் உங்கள் உதட்டசைவைப் பார்த்து ஈடுசெய்து வந்திருப்பார். முகக்கவசம் உதட்டை மறைப்பதோடு, அதே உயர் ஒலிகளை, சாதாரண அறுவைக் கவசமாயின் 4 டெசிபல் வரையும், என்95 ஆயின் 10 டெசிபலுக்கு மேலும் குறைத்துவிடுகிறது. ஆத்தங்குடிக் கல் பதித்த பெரிய ஹாலில் ஆளில்லாதபோது பேசினால் எப்படி முழங்குமோ, அப்படித்தான் ஓடு பதித்த வார்டிலும் முழங்கும். செவித்திறன் சோதனை செய்துவிடுங்கள். ஒரே நாளில் காது அடைத்துப்போனால் மட்டும் அது அவசரம். அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

தேவகோட்டை வாசகி: பேசும்போது மட்டும் முகக்கவசத்தை இறக்குமாறு மருத்துவரிடம் கேட்கலாமா?

கூடாது. நீர்த்துளிகள் பேசும்போதுதான் அதிகம் வெளியேறுகின்றன.

காரைக்குடி செவிலியர்: உரக்கச் சொல்லியும் முதியவர்கள் மாத்திரையை மாற்றிச் சாப்பிட்டுவிட்டு வருகிறார்கள். கேட்டபோது தலையாட்டினார்களே?

தலையாட்டல் பதிலாகாது என்பதை நான் எத்தனை முறை எழுதுவது? "புரிந்ததா?" என்று கேட்டால், பின்னால் பத்துப் பேர் வரிசையில் நிற்கையில், "புரியவில்லை" என்று சொல்ல எந்த ஆச்சிக்கும் மனம் வராது. உரக்கப் பேசுவதும் உதவாது. கத்தும்போது உயிரொலிகள் பெருகும் அளவுக்கு மெய்யொலிகள் பெருகுவதில்லை, சொல் சிதைகிறது, நோயாளியின் நோயோ வார்டு முழுவதற்கும் தெரிந்துவிடுகிறது. "முன்", "பின்" என்னும் இரு சொற்களை எடுத்துக்கொள்ளுங்கள். இகரத்தை உகரத்திலிருந்து பிரித்துக் காட்டும் ஒலிக்கூறு ஏறத்தாழ 2000 ஹெர்ட்ஸுக்கு மேல், அதாவது உயர் அதிர்வெண் பகுதியில் இருக்கிறது. முதிய செவியும் முகக்கவசமும் சேர்ந்து அதை மங்கச் செய்துவிட்டால், இகரம் உகரத்தைப் போலவே ஒலிக்கும். உகரத்துக்கு உதடு குவிவதும் இகரத்துக்கு விரிவதும் கண்ணுக்குத் தெரிந்திருந்தால் ஐயம் தீர்ந்திருக்கும், ஆனால் அதுவும் மறைந்திருக்கிறது. வெறும் வயிற்றில் போட வேண்டிய தைராய்டு மாத்திரை இப்படித்தான் சோற்றுக்குப் பிறகு போகிறது. ஆகவே "முன், பின்" என்று மட்டும் சொல்லாமல், "காலையில் எழுந்ததும், காபிகூடக் குடிக்காமல்" என்று முழுதாகச் சொல்லுங்கள். முகத்துக்கு நேரே நின்று, குரலின் சுருதியைத் தாழ்த்தி, நிறுத்தி நிறுத்திச் சொல்லுங்கள். அட்டையில் பெரிய எழுத்தில் எழுதிக் கொடுங்கள். பிறகு, "நான் சரியாகச் சொன்னேனா என்று பார்க்க வேண்டும், இந்த மாத்திரையை எப்போது போடுவீர்கள்?" என்று கேட்டு, அவர் வாயாலேயே பதிலைப் பெறுங்கள். அதற்கு அரை நிமிடம் ஆகும். அந்த அரை நிமிடம் இல்லை என்று சொல்லும் பணியிடத்தை நான் ஏற்க மாட்டேன்.

கோட்டையூர் வாசகர்: அம்மாவுக்குக் காது கேட்காது. கவனித்துக்கொள்பவர் எந்த முகக்கவசம் அணிய வேண்டும்?

வயது என்ன, ஒரு காதா இரு காதா, கருவி அணிகிறாரா, சோதனை செய்தாயிற்றா? ஒன்றையும் எழுதாமல் விடை கேட்கிறீர்கள். பொதுவாகச் சொல்வதாயின், உதடு தெரியும் கண்ணாடிப் பகுதியுள்ள கவசம் ஒலியைச் சாதாரண அறுவைக் கவசத்தைவிட அதிகமாகவே தடுக்கும். உதட்டசைவைப் பார்த்துப் பழகியவருக்கு மட்டும் அந்த இழப்பைப் பார்வை ஈடுசெய்யும். முதலில் சோதனை, பிறகு கவசம்.

திருப்பத்தூர் வாசகி: முகக்கவசத்தைக் கழற்றும்போது செவிக்கருவி கீழே விழுகிறது.

தலைக்குப் பின்னால் கட்டும் நாடா வைத்த கவசம் வாங்குங்கள்.

புதுவயல் வாசகி: முழுக் கவச உடையில் வந்தவர்களைக் கண்டு என் மகன் அலறுகிறான்.

பேயோ பிசாசோ என்று குழந்தை நினைப்பதில் வியப்பில்லை, பெரியவர்களே மிரளுகிறார்கள். 2015இல் மேற்கு ஆப்பிரிக்க நாடான லைபீரியாவில் எபோலா என்னும் தொற்றுநோய்க்குச் சிகிச்சை தந்தவர்கள், சிரித்த முகத்துடன் இருக்கும் தங்கள் புகைப்படத்தைக் கவச உடையின் மார்பில் ஒட்டிக்கொண்டார்கள். உங்கள் மருத்துவமனையிலும் இதைக் கேளுங்கள். ஒரு படமும் பெரிய எழுத்தில் ஒரு பெயரும் போதும். நீங்களும் முதல் நாள் இரவே முகக்கவசம் அணிந்து காட்டிக் கழற்றி, உள்ளே இருப்பது அம்மாதான் என்று அவனுக்கு விளையாட்டாகப் பழக்குங்கள்.